உச்சியில் மாட்டிய ரயிலும் பெல்ட்டக்காவும்

கேளிக்கைப் பூங்காவில் எல்லோரும் அவளை பெல்ட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த இரும்பு ரோலர் கோஸ்டரில் ஆட்கள் ஏறி உட்கார்ந்ததும், சீட் பெல்ட்டையும் மடிமேல் இறங்கும் கம்பியையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. வயது நாற்பத்தாறு. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறக்கூடப் புருஷனைக் கூப்பிடுகிறவள். தரையில் நின்றால் போதும் என்று சொன்னதால்தான் அந்த வேலைக்கே ஒப்புக்கொண்டாள்.

திறந்த பதினோராவது நாள், மதியம், கோஸ்டர் ரயில் மேலே ஏறும்போது அதை இழுக்கும் சங்கிலியின் சத்தம் சட்டென்று நின்றது. உச்சிக்குப் பத்தடி கீழே இருபது பேர் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தார்கள். சென்சார் கோளாறு, ரயில் பின்னால் சரியாது, ஆனால் ஆட்களை நடத்தித்தான் இறக்க வேண்டும் என்றார் மெக்கானிக். அவரோடு இன்னொருவர் ஏறுவது விதி. சூப்பர்வைசர் கன்ட்ரோல் அறையை விட்டு நகரக் கூடாது. மிச்சம் இருந்தது அவள்தான்.

படிகள் சல்லடை மாதிரி இரும்புத் தகடு. காலுக்கடியில் தரை தெரிந்தது. பாதுகாப்புக் கொக்கியைக் கைப்பிடியில் மாட்டி மாட்டி ஏறினாள். பாதி உயரத்தில், காற்றில் தூண்கள் லேசாக ஆடின. அப்படி ஆடுவதுதான் நல்லது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் அது ஒன்றுக்கும் உதவவில்லை.

மெக்கானிக் வரிசை வரிசையாகக் கம்பியை விடுவித்து, ஆட்களுக்குக் கொக்கி வைத்த பாதுகாப்புப் பெல்ட் மாட்டினார். அவள் கைகொடுத்துப் படியில் இறக்கினாள். கடைசி சீட்டில் மலை மாதிரி ஒரு ஆள். கம்பி விடுபட்ட பிறகும் அதை இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தார். மற்றவர்களை மெக்கானிக் கூட்டிக்கொண்டு இறங்க, மேலே இரண்டே பேர்.

"சார், எந்திரிங்க."

"முடியலம்மா. கால் வரமாட்டேங்குது."

"எனக்கும்தான் வரல. இந்தக் கைப்பிடிய விட்டா செத்துருவேன்னு நிக்கிறேன்."

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க இங்க வேலை பார்க்குறவங்கதானே?"

"கீழ பார்க்குறவ சார். நீங்க முன்னாடி இறங்குங்க. உங்க முதுகு நல்லா அகலமா இருக்கு. அதையே பார்த்துக்கிட்டு வந்தா எனக்குத் தரை தெரியாது."

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. பிறகு ஒரு கையை எடுத்தார். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கினார். அவளும் அப்படியேதான். இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கீழே கூட்டம் கைதட்டியது அவள் காதில் விழவே இல்லை. கன்ட்ரோல் அறைக்குப் பின்னால் போய், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குடிக்கக் கொடுத்த தண்ணீரைப் பாதிக்கு மேல் புடவையில் கொட்டிக்கொண்டாள்.

யாரோ எடுத்த வீடியோவை அன்று சாயங்காலமே மகள் போனில் கொண்டுவந்து காட்டினாள். பெல்ட்டக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நிறுத்துடி, தலை சுத்துது."

வேறு இடத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று சூப்பர்வைசர் கேட்டார். இரண்டு நாள் யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். அந்த வருஷம் ரயில் மறுபடி நின்றுபோய் இன்னும் இரண்டு தடவை ஏற வேண்டி வந்தது. பயம் துளிகூடக் குறையவில்லை.