மூன்று நாள் முன்பே வந்த நிக்கோலா

சிலி நாட்டின் சாந்தியாகோவில் இசிதோராவோடு படிக்கும் ஒரு பெண்ணின் அக்கா சொன்னாளாம்: பரிசு கொண்டுவரும் தாடிக்காரர் சொர்க்கத்திலிருந்தெல்லாம் வருவதில்லை, அந்தந்த ஊரில் யாரோ ஒரு தாத்தாதான் வேஷம் கட்டுகிறார். ஆறு வயது இசிதோரா இதை விமானத்தில் தன் அம்மாவிடம் சொன்னாள். அம்மா நஜ்வா, பாலஸ்தீனத்தில் தன் சொந்த ஊரான பெத்ஜாலா வந்து சேர்ந்ததும் சமையலறையில் தன் அப்பா பிஷாராவிடம் சொன்னாள்.

பிஷாரா மென்றுகொண்டிருந்த ஆலிவை விழுங்க மறந்தார்.

ஊரில் அவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். ஆனால் டிசம்பர் பத்தொன்பதாம் தேதி காலையில் மட்டும், இருபத்திரண்டு வருஷமாக, அவர்தான் புனித நிக்கோலா. பொன்னிற அங்கி, ஆட்டு ரோமத் தாடி, கையில் கோல். ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குப் பரிசு கொடுத்தாயிற்று. சொந்தப் பேத்திக்குக் கொடுத்ததில்லை. அவளும் இந்த ஒரு தடவையாவது நம்ப வேண்டும்.

"நல்லவேளை, பண்டிகைக்கு வந்துட்டோம்பா. நாளான்னைக்குதானே?"

"எது நாளான்னைக்கு?"

"ஆறாம் தேதிதானே நிக்கோலா திருநாள்?"

"அது உங்க சாந்தியாகோ நிக்கோலா. நம்ம கோயிலு பழைய காலண்டர்மா, பதிமூணு நாள் பிந்தி வரும். பத்தொன்பது."

நஜ்வாவின் கை தானாகத் தலைக்குப் போனது. திரும்பிப் போகும் டிக்கெட் பதினேழாம் தேதிக்கு.

"பதினஞ்சு வருஷத்துல சொந்த ஊர்த் திருநாளே மறந்துபோச்சேப்பா!" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரொட்டி கொடுக்க வந்த பக்கத்து பேக்கரிக்காரி உம் அத்தால்லா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"இதுக்கா அழுவுற? மூணு ஏழைப் பொண்ணுங்க வீட்டு ஜன்னல்ல, ஒருத்தருக்கும் தெரியாம பொற்கிழி வீசுனவருடி அவரு. அன்னிக்குக் காலண்டர் பாத்தா வீசினாரு? பதினாறாம் தேதியே வரட்டும், அபு நஜ்வா," என்றாள் பிஷாராவிடம்.

"பாதிரியார் திட்டுவாரே!"

"திட்டட்டும். நாளைக்கு ரொட்டிக்கு எங்கிட்டதானே வரணும்?"

பதினாறாம் தேதி காலை நல்ல வெயில். பெத்லகேமில் யார் வீட்டிலோ குழாய் உடைந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு பிஷாரா கிளம்பினார். சற்று நேரத்தில் கோயில் முற்றத்தில் புனித நிக்கோலா தோன்றினார். பிள்ளைகள் கத்திய கத்தலில் புறாக்கள் கலைந்தன. எல்லோருக்கும் வாதுமை, ஆரஞ்சு, இனிப்பு. இசிதோராவுக்குச் சிவப்புப் பட்டில் ஒரு சின்னக் கிழி.

"நல்ல பொண்ணா இருக்கியாமே?" என்றார் குரலைக் கரகரப்பாக்கி.

அவள் கிழியைப் பிரிக்கவில்லை. தாடியைப் பார்த்தாள். கையுறையைப் பார்த்தாள். பார்வை செருப்பில் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. பிறகு திடீரென்று முகமெல்லாம் மலர்ந்தது.

"ஐயோ, தாத்தா இவரைப் பார்க்கவே இல்லியே! இரும்மா, கூப்பிடுறேன்!"

நஜ்வா தடுப்பதற்குள் அம்மாவின் போன் இசிதோராவின் காதில் இருந்தது.

புனிதரின் வயிற்றுக்குள்ளிருந்து டாண், டாண் என்று மணி அடித்தது. பிஷாரா தன் போனுக்கு ஆசையாக வைத்திருந்த கோயில் மணிச் சத்தம்.

"ஆண்டவரே! புனிதர் வந்ததும் மணி தானா அடிக்குது பாருங்க!" என்று உம் அத்தால்லா இரண்டு கையையும் தூக்கிக் கூவினாள். முற்றமே கைதட்டியது.

இசிதோரா நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தாள். மணி ஆடவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் புனிதரைப் பார்த்துச் சிரித்தாள். ஆட்டு ரோமத் தாடி குலுங்கிக்கொண்டிருந்தது.

டாண், டாண்.