கோயில் வாசலில் காத்த செருப்பு

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது. நான் போட்டதில்லை, யாரையும் போட விட்டதுமில்லை. தோல் விறைத்து, வார் வெடித்துப் போய்விட்டது. தூக்கிப் போடட்டுமா என்று வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் மருமகள் கேட்பாள். கிடக்கட்டும் என்பேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொழும்பில் தொடங்க வேண்டும்.

அப்போது நான் மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறையில் என்னோடு இருந்தவன் நிலக்கோட்டைக்காரன், பூந்தோட்டத்துக் குடும்பம். கூட்டாளி என்றால் அப்படியொரு கூட்டாளி. நோன்புக் காலத்தில் எனக்காக விடியுமுன் சாப்பிடும் ஸஹர் நேரத்துக்கு விழித்து, என்னை உதைத்து எழுப்பிவிட்டுத் திரும்பப் படுப்பான். விடுமுறைக்குத் திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் அத்தாவோடு உட்கார்ந்து பேசுவது அவன்தான். பெற்ற பிள்ளை நான் விருந்தாளி மாதிரி ஓரமாக இருப்பேன்.

கொழும்பைப் பார்த்துவிட்டு வரலாம் என்ற யோசனையைக் கிளப்பியதும் அவனே. தனுஷ்கோடிக்கு ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் ஓடிய காலம் அது. சனி ஞாயிறோடு முன்னும் பின்னும் ஒரு நாள் லீவு சேர்ந்தால் போதும். ஐந்து பேர் கிளம்பினோம். மூன்றாம் வகுப்பு, படுக்க ஒரு மடம், வழிக்குப் புளிச்சோறு. ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சீப்பு என்பதுகூடப் பேசி முடிவானது. பிழைப்புக்காகப் போகிறவர்களுக்கு அந்த நாட்டில் அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தாலும், ஊர் சுற்றும் மாணவர்களுக்குச் சில நாள் பெர்மிட் கொடுத்தார்கள். ஆனால் விடுதி வார்டன் விவரமானவர். ஒவ்வொருவனும் திரும்பி வருவான் என்று இன்னொருவன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவனுக்கு நான் போட்டேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அத்தா தோல் மண்டியில் கணக்கப்பிள்ளை. நல்ல தோலாகப் பார்த்து எடுத்து, அவனுக்கென்று ஒரு ஜோடி செருப்பு தைக்கச் சொல்லிக் கொண்டுவந்தார். "சீமைக்குப் போற புள்ள, வெறுங்காலோட போகக் கூடாது" என்றார். எனக்குப் பழையதே போதுமாம். கிளம்புவதற்கு முன் நிலக்கோட்டைக்கும் போனோம். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பு, நீ கூடப் போறேங்கிற தைரியத்துலதான் அனுப்புறேன். எம்புள்ளையப் பத்தரமாக் கூட்டிக்கிட்டு வந்துரு" என்று கண் கலங்கினார். நானும் பெரிய மனுஷன் போல வாக்குக் கொடுத்தேன்.

மண்டபம் முகாமில் தடுப்பூசி போட்டுக்கொண்டது, கப்பலில் ஒருவன் வாந்தி எடுத்தது, காலையில் கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் டிராம் பார்த்து வாயைப் பிளந்தது எல்லாம் சந்தோஷமான சமாச்சாரங்கள். அவற்றை நினைக்க இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

ஞாயிறு மாலை ரயில். மற்ற மூவரும் மூட்டையோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள். அவன் மட்டும் செட்டியார் தெருக் கோயிலில் கும்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்ல, துணைக்கு நான் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றி என் காலருகே தள்ளினான். "செத்த நேரம் பாத்துக்க மாப்ளே. புதுசு. எவனாச்சும் மாட்டிக்கிட்டுப் போயிருவான். இந்தா வாரேன்." கோயிலுக்கு யார் போனாலும் செருப்புக்குக் காவல் நிற்பது எனக்குப் பழக்கம்தான், மதுரையிலும் நான்தான் நிற்பேன். நின்றேன். கால் மணி போனது, அரை மணியும் போனது. வேண்டுதல் பெரிசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அத்தா கொடுத்த செருப்பை விட்டுவிட்டு அவன் எங்கே போவான்?

ஸ்டேஷனுக்குப் போனவர்களில் ஒருவன் ஓடிவந்து உள்ளே போய்ப் பார்த்தான். ஆளில்லை. பக்கத்தில் இன்னொரு வாசல் இருந்தது. "பொடியன் ஒருத்தன் வெறுங்காலோட அப்பவே ஓடினான் தம்பி" என்றார் அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்தவர். அவனுடைய தாய்மாமன் கடை அடுத்த தெருவில் இருந்தது. முதல் நாள்தான் அங்கே டீ குடித்திருந்தோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். "இங்க வரலையே" என்றார் மாமன். அவருக்குப் பின்னால் கடையையும் உள்ளறையையும் பிரிக்கும் திரை தொங்கியது. அதன் அடியில் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. வலது கால் சுண்டுவிரல் மடங்கியிருந்தது. எத்தனையோ காலைகளில் என்னை உதைத்து எழுப்பிய கால் எனக்குத் தெரியாதா? அவனாக வெளியே வருவான் என்று கொஞ்ச நேரம் நின்றேன். கால்கள் இரண்டும் மெதுவாகப் பின்னுக்குப் போயின.

ஐந்து பேர் பெர்மிட்டுக்கு நான்கு பேர் திரும்பியதற்குத் தலைமன்னாரில் எனக்குக் கிடைத்த மரியாதையை எழுதப் போவதில்லை. வார்டன் கையெழுத்தைக் காட்டி என்னை விடுதியிலிருந்து வெளியேற்றினார். மிச்சப் படிப்பைத் திண்டுக்கல்லிலிருந்து தினமும் ரயிலில் போய் முடித்தேன். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பெரிதாக இருந்தது. மூன்று நாள் தள்ளிப் போட்டேன். நாலாம் நாள் செருப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

பூவைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த அவன் அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். நான் அழுதே விட்டேன். அவர் அழவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "மாமன் கடைக்குப் போய்ச் சேந்துட்டான்ல அப்பு? போலீசு ஒன்னய ஒண்ணும் பண்ணலையே?"

மாணவன் பெர்மிட்டில் போய் மாமன் கடையிலேயே பிழைக்கத் தங்கிவிடப் போகிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கண் கலங்கியதும், கையைப் பிடித்ததும், கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றதும் நான் சந்தேகப்படாமல் இருப்பதற்காக. என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. பொட்டலத்தைப் பார்த்து அவர் கை நீட்டினார். கொடுக்காமல் திரும்பி வந்தேன். அத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "செருப்பு கடிச்சுச்சாமா அவனுக்கு?" அதற்குப் பிறகு அவன் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

பத்து வருஷம் போல இருக்கும், ஒருநாள் அவனே வந்து நின்றான். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிருந்தது, அத்தாவும் இல்லை. பளபளக்கும் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான். பேச்சு நடுவில் நான் வாசலைப் பார்க்கவில்லை, அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷூ கிடந்தால் ஆள் இருப்பதாக அர்த்தமில்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தானே.

"வேற வழி தெரியல மாப்ளே. சொன்னா நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்ட" என்றான்.

"போட்டிருப்பேன்டா" என்றேன்.

அது உண்மை. அவனும் அதை நம்பினான் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து, குனிந்து ஷூவை மாட்டிக்கொண்டு போனான். செருப்பைப் பற்றி அவன் கேட்கவில்லை. அது அடித்தட்டில்தான் இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.