மகளை டாக்டராக்கிய என் வாய்

என் மகள் நியூரோசயின்ஸில் பட்டம் வாங்கியதும், "எம் பொண்ணு மூளை டாக்டரு" என்று ரெட்டியார்பாளையம் முழுக்கப் பரப்பியது நான்தான். அவள் மறுத்தும் நான் கேட்கவில்லை.

பெரிய மார்க்கெட்டில் எனக்கு வாடிக்கையாக மீன் தரும் செல்வி, போன மாதம் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் கணவர் குருசுக்குப்பத்திலிருந்து படகில் கடலுக்குப் போகிறவர்.

"எங்க வூட்டுக்காரருக்கு ஒரு வருஷமா வலிப்பே வரலக்கா. மாத்திரைய நிறுத்திடலாமா? ஒங்க பொண்ணு சொன்னா போதும்" என்றார்.

"அதான் சரியாயிடுச்சே" என்று நானே ஆரம்பித்துவிட்டேன். உள்ளே இருந்து மகள் ஓடிவந்தாள்.

"நிறுத்தாதீங்க செல்விக்கா! நடுக்கடல்ல வலிப்பு வந்தா என்ன ஆவும்? நான் டாக்டர் இல்ல. மூளை எப்படி வேலை செய்யுதுன்னு படிச்சவ. மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டரத்தான் கேக்கணும்."

மறுநாளே போய்க் கேட்டார்கள். மாத்திரையை விடவே கூடாது, கடலுக்கும் இப்போதைக்குப் போக வேண்டாம் என்றாராம் டாக்டர். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மேலே ஆராய்ச்சிப் படிப்பா, ஆஸ்பத்திரியில் மூளைப் பரிசோதனைக்கூட வேலையா என்று மகள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். யார் கேட்டாலும் அதை அப்படியே சொல்கிறேன். செல்வி மட்டும் இன்னமும் "டாக்டரம்மா சௌக்கியமா?" என்கிறார். மீனை எடை போடும் முன்பே திருத்திவிடுகிறேன்.