பதிவேட்டில் அடிக்காத பெயர்

கோடை விடுமுறை விட்டால் ஹாஸ்டல் பெண்கள் வீட்டுக்குப் போய்ப் பத்து மணி வரை தூங்குவார்கள். ஜெபக்குழுக்காரர்களான எங்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரி மாணவர் ஜெபக்குழு மே மாதம் வந்தால் கல்வராயன் மலைக்கு ஏறிவிடும். அங்கே பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப் பள்ளி. பத்து நாள் பாட்டு, கதை, மனப்பாட வசனம், கடைசி நாள் சர்டிபிகேட். முதல் வருடம் முடிந்தும் போனேன், இரண்டாம் வருடம் முடிந்தும் போனேன், இரண்டு முறையும் ஒரே ஊர். கரியாலூரிலிருந்து ஜீப்பில் அரை மணி நேரம், மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஒரு பெயரைச் சொல்லிப் பட்டதே எனக்குப் போதும்.

இரண்டாம் முறை நாங்கள் மூன்று பேர் போனோம். நான், என் அறைத்தோழி, எங்களுக்குப் பொறுப்பாக வந்த, ஜெபக்குழுவின் முழுநேர ஊழியர். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வெயிலடித்தாலும் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றாத மனிதர். சிமெண்ட் ஷீட் போட்ட சின்ன சபைக் கட்டடத்தில் வகுப்பு. அங்கே வருகைப் பதிவு எடுப்பது என் வேலை. நானோ எழுதச் சோம்பல் படுகிற ஜென்மம். பிள்ளைகள் வருடாவருடம் அதே பிள்ளைகள்தானே என்று போன வருட நோட்டையே கொண்டுபோய், பக்கத்தைத் திருப்பி, புதுத் தேதி போட்டுக் கூப்பிட ஆரம்பித்தேன்.

முதல் நாள் எல்லாப் பெயருக்கும் “உள்ளேன் அக்கா” வந்தது. முப்பத்திரண்டு டிக். அறைத்தோழி தலைகளை எண்ணி முப்பத்தொன்று என்றாள். உனக்கு எண்ணத் தெரியவில்லை என்றேன். உனக்குக் காது சரியில்லை என்றாள். இரண்டாம் நாளும் அதே கணக்கு வந்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. எவளோ எவளுக்கோ ப்ராக்ஸி கொடுக்கிறாள். கல்லூரியில் எத்தனை பேருக்கு நானே கொடுத்திருக்கிறேன், என்னிடமேவா?

அன்றைக்குக் கைதட்டும் பாட்டு. இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று, உள்ளங்கையோடு உள்ளங்கை அடித்துப் பாட வேண்டும். முப்பத்தொரு பேர் என்றால் ஒருத்திக்கு ஜோடி இருக்காது. நான் போய் நிற்கலாம் என்று கிளம்பினேன். அந்தச் சிறுமி வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளுக்கு எதிரே யாருமில்லை. ஆனாலும் தாளம் பிசகாமல் தட்டினாள். ஒவ்வொரு தடவையும் அவள் கை காற்றில் நீண்டு, ஓரிடத்தில் டக்கென்று நின்று திரும்பியது. நாமாகத் தட்டினால் கை அப்படி நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். அறைத்தோழி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் டிக் போடுவதை விட்டுவிட்டு, பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பெயராக நிதானமாகக் கூப்பிட்டேன். பதினேழாவது பெயருக்கு ஒரு வாயும் அசையவில்லை. ஆனால் “உள்ளேன் அக்கா” என்று கீச்சுக் குரலில் பதில் வந்தது. குரல் என் முதுகுப் பக்கமிருந்து வந்தது. திரும்பினேன். உயரமான ஜன்னல், வெளியே காலை மூடுபனி இன்னும் விலகவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நாலு விரல்கள் தெரிந்தன. பெரிய மனுஷியின் விரல்கள். நான் வெளியே ஓடிப் பார்ப்பதற்குள், விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு பெண் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவேயில்லை.

உள்ளே வந்து பிள்ளைகளைக் கேட்டேன். கைதட்டிய அந்தச் சிறுமிதான் சொன்னாள்.

“அவ செத்துப்பூட்டா அக்கா. போன வருசமே. அவங்கம்மாதான் உள்ளேன் சொல்றாங்க.”

இதிலென்ன இருக்கிறது என்பது போலச் சொன்னாள். அப்போதுதான் கவனித்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாளும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். என் கண்ணுக்குத்தான் படவில்லை.

யாரென்று நினைவு வந்துவிட்டது. ஒன்பது வயதுப் பெண். பைபிளில் வரும் பேசிய கழுதைக் கதையைத் தினமும் சொல்லச் சொல்லி, தினமும் ஒரே இடத்தில் சிரிப்பவள். போன வருடம் கடைசி நாள் அவளுக்குக் காய்ச்சல். அம்மா தூக்கிவந்தாள். நாங்கள் ஜீப்பில் ஏறும் அவசரத்தில் இருந்தோம். ஜெபக்குழுவில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் ஒன்று உண்டு. வியாதிக்காரருக்காக ஜெபித்தால் அரைமனதாகப் பேசக்கூடாது, சுகம் கிடைத்துவிட்டது என்று விசுவாசத்தோடு அடித்துச் சொல்லிவிட வேண்டும். நான் அந்தத் தலையில் கை வைத்து ஜெபித்தேன். சுட்டது. கண்ணைத் திறந்து, சுகமாகிவிட்டாள், ஒன்றும் பயமில்லை என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன். ஜீப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற கள்ளக்குறிச்சிக்குத்தான் போனது. பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார இடமிருந்தது.

அன்று மத்தியானம் குழாயடியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது. தெரியாமல் கூப்பிட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள், இனிமேல் கூப்பிட மாட்டேன் என்றேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

“கூப்புடு பாப்பா. ஊர்ல ஒருத்தரும் அந்தப் பேர எடுக்கிறதில்ல. எடுத்தா நா அழுவேனாம். நீ ஒருத்திதான் கூப்புடற. பத்து நாளும் கூப்புடு.”

இதைச் சாதாரணக் குரலில் பேசினாள். ஜன்னலில் கேட்ட குரல் இந்தத் தொண்டையிலிருந்தா வந்தது என்று நம்பவே முடியவில்லை. சரிங்க என்று தலையாட்டினேன். அவளுக்கு வேண்டியது அந்தப் பெயர், நாளைக்கு ஒரு தடவை. எனக்கு வேண்டியது வேறு. அந்தக் காய்ச்சலிலேயே போனாளா, ஜெபித்தது நான்தான் என்று இவளுக்கு நினைவிருக்கிறதா? கேட்காமல் குடத்தில் தண்ணீர் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் தினமும் கூப்பிட்டேன். தினமும் பதில் வந்தது. ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டே போனது போலிருந்தது. ஏழாம் நாள் நான் சத்தியமாக ஒரு குழந்தையைத்தான் கேட்டேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கழுதைக் கதையை நான் சொல்லாமலே தவிர்த்தேன். எட்டாம் நாள் பிள்ளைகள் கேட்டார்கள் என்று அறைத்தோழி அந்தக் கதையைச் சொன்னாள். இறந்துபோன பெண் சிரிக்கும் இடம் வந்ததும் முப்பத்தொரு பேரும் சிரிக்காமல் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு கதை தொடர்ந்தது.

அன்றைக்கு அறைத்தோழி பயந்துபோய் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அண்ணன் கத்தவில்லை. செத்தவர்களை அழைப்பது தேவனுக்கு அருவருப்பு, நீ அந்த அம்மாவுக்கு ஆறுதல் செய்யவில்லை, கண்ணியில் மாட்டிவிடுகிறாய் என்றார். பேனாவை நீட்டி, அந்தப் பெயரை அடித்துவிடு என்றார். நோட்டை மூடிக்கொண்டேன். எனக்கு எதிர்த்துப் பேசும் வாய் உண்டு, ஆனால் அன்றைக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதையும் நான் நம்பினேன். அந்த அம்மாவுக்குத் தலையாட்டியதையும் நம்பினேன்.

பத்தாம் நாள் நோட்டை அவரே எடுத்துக்கொண்டார். பெற்றோர்கள் சிலர் சுவரோரம் நின்றிருந்தார்கள். காலையிலேயே மழை மேகம் மூட்டி, உள்ளே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டியிருந்தது. அண்ணன் கணீரென்று கூப்பிட்டார். பதினாறு பெயர் வரை பதில் வந்தது. பதினேழைத் தாண்டிப் பதினெட்டாவது பெயரைக் கூப்பிட்டார்.

பதில் இல்லை. பதினெட்டாவது பையன் அவர் எதிரேதான் உட்கார்ந்திருந்தான். அண்ணன் மறுபடி கூப்பிட்டார். பையன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான், வாய் திறக்கவில்லை. பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று. ஒருவரும் பேசவில்லை. இருமல்கூட இல்லை. முறைக்கவும் இல்லை அந்தப் பிள்ளைகள், அதுதான் தாங்க முடியவில்லை. வரிசையில் முன்னால் நிற்பவர் நகரட்டும் என்று காத்திருப்பது போல, பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்திரண்டு வரை கூப்பிட்டு முடித்தபோது அண்ணனின் குரல் கம்மிவிட்டது. சுவரோரம் நின்ற பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் கை மேல் பட்டனைத் தடவிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொன்னேன்.

“உள்ளேன் அக்கா.”

உடனே பதினெட்டாவது பையன் தானாகவே உள்ளேன் என்றான். அடுத்தவள் உள்ளேன் என்றாள். யாரும் கூப்பிடாமலே வரிசையாகக் கடைசிப் பிள்ளை வரை சொல்லி முடித்தார்கள். அண்ணன் நோட்டை என் கையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சர்டிபிகேட்டுகளை நாங்கள் இருவரும்தான் கொடுத்தோம். என்ன கொடுத்தோம், யார் வாங்கினார்கள் என்று எனக்கு எதுவும் நினைவில்லை.

ஜீப்பில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. ஜெயித்துவிட்ட முகம் இல்லை அது, அழுத முகமும் இல்லை.

“போன வருசம் தலமேல கை வச்சது நீதான பாப்பா?”

ஆமாங்க என்றேன்.

“மறுநாளே கீழ ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்னு எங்க வூட்டுக்காரரு ஜீப்பு சொல்லிட்டு வந்தாரு. நாந்தான் வேணான்னேன். காய்ச்சல் வுட்டுடுச்சின்னு பொய் சொன்னேன். நீ சொல்லிட்டுப் போனியே, அது நடக்கும்னு பாத்துக்கினே இருந்தேன். மூணு நாளு.”

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பாவி, பாவி என்று உள்ளே ஒரே சத்தம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் கேட்கும் நிலையில் இல்லை, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் அவசரத்தில் இருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“யாராண்டையும் சொல்லல. அவராண்டகூட சொல்லல. சொன்னா உங்கள ஊருக்குள்ள வுட மாட்டாங்க. அவ பேரு உன் நோட்டுலதான் இருக்குது. நீ வரலன்னா யாரு கூப்புடுவா?”

இதற்காகவே ஒரு வருடம் வாயைக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைப் பிடித்து, அடுத்த வருஷமும் வருவாயா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். விசுவாசத்தோடுதான் சொன்னேன், அடித்துச் சொன்னேன்.

அடுத்த கோடையில் நான் போகவில்லை. சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்று அண்ணனிடம் சொன்னேன். எனக்கு வேலை கிடைத்தது ஜூலையில். மலைக்குப் போய்வந்த ஜூனியர் பெண் ஒருத்தி ஜூன் மாதம் போன் செய்தாள். புது நோட்டு போட்டுப் பெயரெல்லாம் புதிதாக எழுதிக்கொண்டார்களாம், பிள்ளைகள் நன்றாகப் பாடினார்களாம். தினமும் காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் ஒரு அம்மா ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாராம். கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாராம். பத்து நாளும் வந்தாராம். உங்களுக்கு அந்த ஊர் பழக்கமாச்சே, யாருக்கா அவங்க என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.