சில்வர் கோப்பைக்குள் மூன்று ஆணிகள்

"ணங்" என்று ஒரு சத்தம், சற்று விட்டு, அதைவிடக் கொஞ்சம் தடித்த இன்னொரு "ணங்", பிறகு மூன்றாவது. எனக்குப் பன்னிரண்டு வயதான அந்தக் குளிர்காலம் முழுவதும், இல்ஃபோர்ட்டில் வரிசை வீடுகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த எங்கள் வீட்டுக் குசினியில், நான் கண்ணை மூடிக்கொண்டிருக்க, அன்ரன் மாமா ஒரு சில்வர் கோப்பைக்குள் மூன்று பித்தளை ஆணிகளை ஒவ்வொன்றாகப் போடுவார். சத்தத்தை வைத்து எது பாரம், எது லேசு என்று நான் சொல்ல வேண்டும். ஆணிகள் என்று நான் சொன்னாலும் எங்கள் இருவருக்கும் அவை துப்பாக்கிக் குண்டுகள். மாமா வாங்கப்போகிற றைபிளுக்கு அவர் வாங்கப்போகிற குண்டுகளின் இடத்தில் தற்காலிகமாக வேலைக்கு அமர்த்தப்பட்டவை. றைபிள் இன்னும் இல்லை. அதை வைத்திருப்பதற்கான உத்தரவுப் பத்திரமும் இல்லை. மான் மட்டும் இருந்தது, அதுவும் எங்களிடம் இல்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. மன்னாரிலிருந்து வந்து எங்கள் வீட்டின் மிகச் சிறிய அறையில், கட்டிலுக்குக் குறுக்காகக் காலை மடித்துக்கொண்டு வாழ்ந்தவர். ரொம்ஃபோர்ட்டுக்கு அப்பால் ஒரு மரக்கறித் தோட்டத்தில் அவருக்கு வேலை. நாய் மாதிரிக் குரைக்கிற ஒரு குட்டை மான், இங்கே "மண்ட்ஜாக்" என்பார்கள், அந்தத் தோட்டத்துக் கோவாக் கன்றுகளை வரிசை வரிசையாகத் தின்றுகொண்டிருந்தது. "உத்தரவு எடுத்துவிட்டு வந்து சுடு, இறைச்சி உனக்கு" என்று தோட்டக்காரர் ஒருநாள் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமாவின் கண்ணில் மான் இறைச்சிக் கறி கொதிக்கத் தொடங்கிவிட்டது.

ஊரில் மாமா ஒரேயொரு தடவைதான் மானுக்கு வெடி வைத்திருக்கிறார், அதுவும் இரவல் சொட்கன்னில். மான் விழுந்ததா என்பது தெரியாது. மாமா விழுந்தார். தோள்மூட்டு இறங்கி, ஒரு மாதம் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போனாராம். ஆகவே இந்த முறை உதைக்காத துப்பாக்கி, சின்னக் குண்டு என்பதில் உறுதியாக இருந்தார். சட்டமும் அவர் பக்கம்தான் நின்றது. பெரிய மான்களுக்குப் பெரிய குண்டு வேண்டும். இந்தக் குட்டை மானுக்கு மட்டும் சின்னது போதும், ஆனால் மூக்கு மென்மையாக இருக்க வேண்டும், பாரம் ஐம்பது "கிரெய்ன்"னுக்குக் குறையக் கூடாது. ஒரு கிராமில் பதினைந்து கிரெய்ன் இருக்கிறது என்பதை நான் பள்ளிக்கூட நூலகத்தில் கண்டுபிடித்து வந்தேன். அந்த வருடம் நான் தேடிப் படித்தது அது ஒன்றுதான்.

ஐம்பதா, ஐம்பத்தைந்தா, அறுபதா? மூன்று மாதம் எங்கள் வீடு இந்தக் கேள்விக்குள் அடைபட்டுக் கிடந்தது. ஐம்பது வேகமாகப் போகும், ஆனால் அதில் பலது நரிக்கும் முயலுக்கும் செய்தது, குண்டின் தோல் மெல்லியது, மானில் பட்டதும் மேலேயே சிதறி இறைச்சியைப் பாழாக்கிவிடும். அறுபது ஆழமாகப் போகும், ஆனால் எல்லாத் துப்பாக்கிக் குழாயும் அதை நேராக அனுப்பாது. இவ்வளவையும் ஒரு கடையின் விலைப்புத்தகத்திலிருந்து வாசித்து மாமாவுக்குத் தமிழில் சொல்வது என் வேலை. மாமாவிடம் மூன்றே மூன்று ஆங்கில வசனங்கள் இருந்தன: "யெஸ் பொஸ்", "நோ பொஸ்", "வெரி கோல்ட் பொஸ்". குண்டின் பாரம் கைக்குப் பழக வேண்டும் என்று அந்தந்தப் பாரத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற பித்தளை ஆணிகளைத் தேடிக் கொண்டுவந்தவர் அவர்தான். சத்தத்துக்கும் சுடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. நானும் அவ்வளவு புத்திசாலி.

அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அந்தச் சாமான் உள்ளுக்கு வந்தா நான் வெளியில."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆணி கோப்பையில் விழத் தொடங்கியதும் அடுப்பைக் குறைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவார். விலைப்புத்தகத்தில் குண்டுகளை உண்மையான அளவிலேயே படம் பிடித்திருந்தார்கள். காலையில் பார்த்தால் அந்தப் பக்கம் எப்போதும் குப்புறக் கிடக்கும், மேலே அரிசிப் பானை இருக்கும். அம்மா ஒதுக்கி வைக்கிறார் என்று நினைத்தேன். அப்பாவோ பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில், "அக்காவும் தம்பியும் கதைச்சு முடியுங்கோ" என்று தப்பிவிடுவார்.

தப்ப முடியாதவள் நான். வாசித்தால் அம்மா முகம் கொடுக்கமாட்டார். வாசிக்காவிட்டால் மாமா சாப்பிடமாட்டார். இதற்கு மேல், வகுப்பில் பதினொரு பேருக்கு ஆளுக்கொரு மான்கொம்பு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு மானுக்கு இரண்டு கொம்புதான் என்ற கணக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்குள் மாமா விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, சட்டம் கேட்கிற இரும்பு அலுமாரி ஒன்றையும் வாங்கி, நான்கு பெரிய ஆணி இறுக்கித் தன் அறைச் சுவரில் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குக் காலை மடிக்கவும் இடமில்லை. அலுமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் படுத்தார்.

உத்தரவு கொடுக்கலாமா என்று பார்க்க ஒரு சனிக்கிழமை பின்னேரம் பொலிஸ் அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெரிய உடம்புக்காரர். நாங்கள் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் ஓட்டை இருந்தது. அம்மா அந்த ஓட்டைக்காகக் கொஞ்சம் இளகி, தேத்தண்ணியும் கேக்கும் வைத்தார். அதிகாரி அலுமாரியை ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. எந்த மான், எந்தத் தோட்டம், எந்தக் குண்டு என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் நான்தான் மொழிபெயர்ப்பு, பாதிக்கு மேல் மாமா சொல்வதற்கு முன்பே. ஐம்பத்தைந்து கிரெய்ன், மென்மூக்கு என்று நான் சொன்னபோது அவர் புருவத்தை உயர்த்தினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கடைசியாக அம்மாவைக் காட்டி, வீட்டில் துப்பாக்கி இருப்பதில் இவருக்குச் சம்மதமா என்று கேட்டார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும். ஆனால் மனம் கலங்கினால் அது ஓடிவிடும். என்னைப் பார்த்துத் தமிழில் தொடங்கினார்.

"நான் ஊரில ஆசுபத்திரி மிஸியா இருந்தனான் எண்டு இவருக்குச் சொல்லு. சத்திரசிகிச்சை செய்யேக்க டொக்டர் சனத்தின்ர உடம்பில இருந்து குண்டை எடுத்து எடுத்துக் கோப்பைக்குள்ள போடுவார். அந்தச் சத்தம்தான் பிள்ளை, நீங்கள் ரெண்டு பேரும் பின்னேரத்தில வைச்சு விளையாடுறது. புத்தகத்தில இருக்கிற படமும் அதே அளவுதான். சின்னது, சின்னது எண்டு இவன் சொல்லுறான். உள்ள போற ஓட்டை சட்டைப் பொத்தான் அளவுதான், ஓம். மற்றப் பக்கம் திருப்பிப் பார்க்க ஏலாது. மூண்டு மாசமாப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு பாத்ரூமுக்குள்ள நிக்கிறன். என்ர வீட்டில எனக்கு நிக்க இடமில்லை."

அதிகாரி பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். இப்போது யோசித்தால், அந்த இடத்தில் ஒரு நல்ல பிள்ளை என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பதினொரு மான்கொம்புகளை நினைத்தேன்.

"பூட்டி வைத்தால் போதுமாம்," என்றேன் ஆங்கிலத்தில். "இன்னொரு துண்டு கேக் எடுக்கட்டுமாம்."

அவர் அதை எழுதத் தொடங்கினார். மாமா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆணி பிடித்துப் பழகிய கை. என் ஆங்கிலம் அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆனால் அக்கா சொன்னதன் நீளமும் நான் சொன்னதன் நீளமும் பொருந்தவில்லை என்பது விளங்கியிருக்கிறது.

"சேர்," என்றார். "கேர்ள் நொட் கரெக்ட்."

பேனை நின்றது.

"மை சிஸ்டர் சே நோ. ஐ ஆல்சோ நோ. பேப்பர் கான்சல்."

நிச்சயமா என்று அதிகாரி இரண்டு தடவை கேட்டார். மாமா இரண்டு தடவையும் தலையாட்டினார், அதுவும் எங்கள் ஊர்த் தலையாட்டல். ஓமா இல்லையா என்று தெரியாமல் அந்த மனிதர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு நான் சரியாக மொழிபெயர்த்தது அந்தத் தலையாட்டலை மட்டும்தான். வாசலில் அவர் சப்பாத்துப் போடும்போது, ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று மாமா நினைத்திருக்க வேண்டும். "வெரி கோல்ட், பொஸ்," என்றார்.

கதவு மூடியதும் அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்.

"கேக் இன்னொரு துண்டு எண்டு நான் எப்பயடி சொன்னனான்?"

அடுத்த நாள் பூசை முடிந்து வந்து, மாமா அந்த மூன்று ஆணிகளையும் வைத்துக் குளியலறைக் கதவின் ஆடுகிற கொண்டியை இறுக்கினார். மூன்றும் மூன்று அளவு என்பதால் கொண்டி கடைசிவரை கோணலாகத்தான் நின்றது. இரும்பு அலுமாரிக்குள் பாஸ்போர்ட்டுகளும் நத்தார் பலகாரமும் போயின. சாவி உத்தரவுக்காரரிடம்தான் இருக்க வேண்டும் என்ற சட்டத்தை, உத்தரவே இல்லாத மாமா விடாமல் கடைப்பிடித்தார்; ஒரு முறுக்கு வேண்டுமென்றாலும் அவரிடம் காரணம் சொல்லித்தான் எடுக்க வேண்டும். பதினொரு பேருக்கும் அந்த முறுக்கைக் கொடுத்துச் சமாளித்தேன்.

அந்த வீட்டை விற்று நெடுங்காலமாகிறது. இரும்பு அலுமாரி பழைய இரும்புக்குப் போனது. அது இருந்த சுவரின் நான்கு ஓட்டைகளையும் வாங்கியவர்கள் பூசி மறைத்திருப்பார்கள். சில்வர் கோப்பைகளும் எங்கள் வீட்டில் இப்போது இல்லை. அவற்றை எப்போது யார் எறிந்தது என்று நான் கேட்டதில்லை. ஆனால் எனக்கு இல்ஃபோர்ட்டை விட்டு அதிக தூரம் போக முடியவில்லை. ஹைனோல்ட் காட்டுக்குக் கிட்டவாக ஒரு வீடு, அம்மா என்னோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து மாமா. போன ஞாயிறு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வேலிக்குக் கீழால் நுழைந்த ஒரு மண்ட்ஜாக், அம்மா பார்த்துப் பார்த்து முளைக்கவைத்த போஞ்சிக் கொடியை நுனியிலிருந்து அடிவரை ஆறுதலாகத் தின்றது. அம்மா எழுந்து யன்னலண்டை போய் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கு ஐம்பத்தஞ்சு காணும்," என்றார்.

என் கையில் இருந்த சோறு கையிலேயே நின்றது. காது மந்தமான மாமாவுக்கு எப்படித்தான் கேட்டதோ, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அறுபது, அக்கா."

"நல்லாப் பார், மெலிஞ்சு போய் நிக்குது. ஐம்பத்தஞ்சு."

"அறுபதெண்டாத்தான் உள்ள போகும்."

மான் மென்றுகொண்டே இருவரையும் பார்த்தது. ஒருவரும் அதை விரட்டப் போகவில்லை. எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டு, அம்மா குளியலறைப் பக்கம் திரும்புகிறாரா என்று மட்டும் பார்த்தேன். அவர் யன்னலண்டையிலேயே நின்றார்.