வசந்தாமணி விற்ற லாரி கேபிள்

வசந்தாமணியின் கடைக்குப் போய் "ஒரு யுஎஸ்பி கேபிள் குடுங்க" என்று கேட்டு, வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பிவிட முடியாது. எதுக்கு என்பாள். எந்த மெஷினுக்கு என்பாள். அந்தப் பக்கத்து வாய் சப்பையா, சதுரமா, முட்டை மாதிரியா என்பாள். வந்தவன் முழிப்பான். பக்கத்துக் கடையில் லாரிக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அம்மிணி, கேக்கற பொருளத் தூக்கிக் குடுத்து அனுப்பு. என்னமோ பொண்ணக் குடுக்கற மாதிரி இத்தனை விசாரணை எதுக்கு?" என்று இங்கிருந்தே கத்துவேன். "நீங்க ஊசியப் பாத்து ஓட்டுங்ணா, வெரலத் தெச்சுக்கப் போறீங்க" என்று அங்கிருந்து பதில் வரும்.

சங்ககிரியில் எங்கள் இரண்டு கடைக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான். அவள் குமாரபாளையத்துப் பெண். அப்பா, அம்மா இருவரும் தறி ஓட்டியவர்கள், அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கடைசித் தம்பி தமிழரசுவை இடுப்பில் தூக்கி வளர்த்தது இவள்தான். கட்டிக்கொண்டவன் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டியோடு வடக்கே போனான். அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நாசமாய்ப் போனவன். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்து, தொழிலைக் கற்றுக்கொண்டு, மவுசு, கீபோர்டு, பிரிண்டர், பென்டிரைவ் என்று தனியாகக் கடை போட்டாள்.

லாரி ஆபீஸ்காரர்கள்தான் அவளுக்கு வாடிக்கை. வந்த ஒவ்வொருவனிடமும் பாடம் நடத்துவாள். கம்ப்யூட்டரில் கறுப்பு வாய் என்றால் பெரும்பாலும் யுஎஸ்பி இரண்டு, நீல வாய் என்றால் மூன்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் வேகத்தில் பத்து மடங்கு வித்தியாசம். ஆனால் நீல வாயில் பழைய பென்டிரைவைச் செருகிவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கக் கூடாது. வாய், கேபிள், செருகுகிற பொருள் மூன்றில் எது மெதுவோ அந்த வேகம்தான் கிடைக்கும். "பெரிய வண்டியாவே இருக்கட்டும், முன்னால மாட்டு வண்டி போனா அதும் பின்னாலதான போவோணும்?" என்பாள். புதிதாக வந்த டைப்-சி வாயைப் பார்த்து எல்லோரும் ஏமாந்தார்கள். அது வாயின் வடிவம்தான், வேகம் இல்லை, போனோடு வருகிற டைப்-சி கேபிள் பலவற்றில் உள்ளே ஓடுவது பழைய இரண்டுதான் என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்தாள். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. தையல்காரனுக்கு எதற்கு இந்த எழவெல்லாம்?

இன்னொரு கட்டளையும் உண்டு. ஆபீஸ்காரர்கள் காப்பி பாதி ஏறும்போதே பென்டிரைவைப் பிடுங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் கெடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "லைட்டு மினுக்கறப்ப புடுங்காதீங்க. கறுப்பு வாயா இருந்தா நேரமாவும். பொறுமையா இருங்க. லைட்டு நின்னப்பறம் தொடுங்க" என்று திட்டித் திட்டியே எல்லோரையும் பழக்கினாள். அவள் சொன்னால் கேட்பார்கள்.

லாரி கேபிள் என்று ஒன்று, அது அவள் கடையில் மட்டும்தான் கிடைக்கும். லாரியில் டிரைவர்கள் பாட்டுப் பெட்டியில் இருக்கிற யுஎஸ்பி வாயில் போனைச் சார்ஜ் போடுவார்கள். போட்ட உடனே பெட்டி போனைப் பிடித்துக்கொள்ளும். பாட்டு தானாக அலறும், வருகிற கால் ஒழுங்காகக் கேட்காது. "எங்களுக்குச் சார்ஜ் மட்டும் ஏறட்டுங்க" என்று அவளைப் பிடுங்கி எடுத்தார்கள். கேபிளுக்குள் நாலு கம்பி. சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. பச்சையும் வெள்ளையும் சேதி போகவர. நடுவில் கேபிளைக் கீறி, பச்சை வெள்ளையை மட்டும் நறுக்கிவிட்டு, கீறின இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுத்தாள். சார்ஜ் ஏறும், பெட்டிக்குப் போன் இருப்பதே தெரியாது. அப்புறம் என்ன, சங்ககிரி லாரி எதில் ஏறினாலும் சிவப்பு டேப் சுற்றிய கேபிள் தொங்கியது.

தமிழரசுவும் லாரி டிரைவர்தான். ஒரு நாள் விடியற்காலையில் பவானிப் பக்கமிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வந்தவன், ரோட்டின் நடுத்தடுப்பில் இருந்த இடைவெளியில் குறுக்கே புகுந்த மொபெட்டின் மேல் ஏற்றிவிட்டான். மொபெட்டில் வந்த பெரியவர் அங்கேயே உயிரை விட்டார். பார்த்தவர் யாரும் இல்லை. தமிழரசு ஓடிப்போகவில்லை, ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தான். கேஸ் போட்டு ஜாமீனில் விட்டார்கள். வந்தவன் சோறு இறங்காமல் அக்காவின் கடையிலேயே சுவரைப் பார்த்துக் கிடந்தான்.

"நான் பிரேக்கு புடிச்சனாக்கா? இல்லாட்டி கண்ணசந்துட்டனா? சத்தங் கேட்டதுதான் தெரியுது. அதுக்கு முன்னால ஒண்ணுமே நெனப்பு வரமாட்டேங்குது." இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டான்.

லாரியின் முன்கண்ணாடியில் கேமரா இருந்தது. வண்டி ஓடும்போதெல்லாம் ரோட்டைப் படம் பிடிக்கிற சின்னக் கேமரா. அதில் இருக்கும், எல்லாம் தெரிந்துவிடும் என்று வசந்தாமணி அவனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். லாரி போலீஸ் ஸ்டேஷனில் நின்றது. விடுவிக்கிற அன்று அவள் வக்கீலைப் பார்க்கத் தம்பியோடு சேலம் போக வேண்டியிருந்தது. தம்பி வேலை பார்க்கிற லாரி ஆபீஸின் மேனேஜர் குருமூர்த்திக்குப் போன் போட்டு, "கேமராவக் கழட்டிப் பத்திரமா வெச்சிருங்க, சாயந்தரம் வந்து வாங்கிக்கறேன்" என்றாள். வக்கீலும் அதையேதான் சொன்னாராம். படம் இருந்தால் அதைக் கொண்டு வா, அது இல்லாவிட்டால் உன் தம்பிக்குப் பேசச் சாட்சி கிடையாது என்று.

சாயந்தரம் தமிழரசுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் கடையைத் திறந்தாள். குருமூர்த்தி கேமராவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். அதில் கேபிள் மாட்டியபடியே இருந்தது. கேபிளின் நடுவில் சிவப்பு டேப்.

அவள் கேமராவைப் பார்க்கவில்லை, டேப்பைத்தான் பார்த்தாள். "இத எதுலீங்க மாட்டுனீங்க?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்லதானுங்க அம்மிணி. நீங்க அலஞ்சுட்டு வாரீங்க, அதுக்குள்ள காப்பி பண்ணி வெச்சிரலாம்னு லாரியில தொங்குன இந்தக் கேபிளப் போட்டுக் காத்தாலயே மாட்டிட்டேன். திரையில ஒண்ணும் வருலீங்க. ஆனா லைட்டு மினுக்கிட்டே இருந்துதுங்க. கறுப்பு வாயில்லீங்களா, மெதுவாத்தான ஏறும்னு உட்டுட்டேன். கடசி வரைக்கும் நிக்கவே இல்லீங்க. நீங்க வந்துட்டீங்கன்னு தெரிஞ்சப்பறந்தான் பயந்துட்டே புடுங்குனேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். கேமராவில் இருந்து மெமரி கார்டை உருவிக் கார்டு ரீடரில் வைத்து, நீல வாயில் செருகினாள்.

முதல் படத்தைத் திறந்தாள். லாரி ஆபீஸின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்ததைத் திறந்தாள். விசிறியும் சுவர்க் காலண்டரும். அடுத்ததில் குருமூர்த்தி டம்ளரோடு குனிந்து கேமராவுக்குள் உற்றுப் பார்த்தான். பின்னால் யாரோ "இன்னும் ஏறலீங்களா?" என்றார்கள். "யாரும் தொடாதீங்கப்பா. லைட்டு நிக்கற வரைக்கும் கைய வெக்கக் கூடாதுன்னு வசந்தாமணி சொல்லிருக்குது" என்று படத்தில் இருந்த குருமூர்த்தி அதட்டினான்.

நறுக்கிய கேபிளில் சேதி போகாது. கரண்டு மட்டும் போகும். கரண்டு கிடைத்ததும் கேமரா, லாரிதான் கிளம்பிவிட்டது என்று நினைத்துப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டது. கார்டு நிறைந்ததும் பழையதை அழித்து அழித்து அதன் மேலேயே எடுத்தது. மினுக்கியது படம் எடுக்கிறதைக் காட்டுகிற லைட். வண்டி பலமாகக் குலுங்கினால் அந்தப் படத்தை மட்டும் அழியாமல் பூட்டிவைக்கிற வசதியும் கேமராவில் உண்டாம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் பூட்டிப் பூட்டிக் கார்டு நிறைகிறது என்று எல்லா டிரைவரையும் போலத் தமிழரசுவும் அதை அணைத்து வைத்திருந்தான்.

"மத்தியானம் சோத்துக்குப் போறப்ப புடுங்கியிருந்தாக்கூடத் தப்பிச்சிருக்குங்ணா" என்று அவள் என்னிடம் சொன்னாள். சத்தமே இல்லாத குரல்.

"அட முட்டாப்பயலே!" என்று நான் குருமூர்த்தியின் மேல் பாய்ந்தேன். "பத்திரமா வெச்சிருன்னா வெச்சிருக்க வேண்டியதுதான? உன்னைய ஆரு மாட்டச் சொன்னது?"

"நல்லதுக்குத்தானுங்கண்ணா பண்ணுனேன்" என்றான். உதடு கோணிக்கொண்டு போனது. பாவி, அவன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. வசந்தாமணி அவனை ஒரு சொல் சொல்லவில்லை. "நீங்க போங்க. நாஞ் சொன்னதத்தான கேட்டீங்க" என்று அனுப்பிவிட்டாள். அழிந்ததை மீட்கிற சாப்ட்வேர் எதையெதையோ போட்டுப் பார்த்தாள். வந்ததெல்லாம் விசிறிதான்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் தமிழரசு வந்தான். நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியாக்கா?"

நான் நூலை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தேன்.

"பாத்தேன் சாமி" என்றாள். "காப்பி எடுக்கறதுக்குள்ள கார்டு கெட்டுப்போச்சு. கோர்ட்டுக்குக் குடுக்க முடியாது. ஆனா நான் ரெண்டு கண்ணால பாத்துட்டேன். அவரு பூந்ததும் நீ பிரேக்கு புடிச்சிருக்கற. வண்டி நல்லா மெதுவாவுது. உம்மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு."

தமிழரசு கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டான். விபத்துக்குப் பிறகு அவன் முகம் இளகி அன்றைக்குத்தான் பார்த்தேன். பொய்தான். இருந்துவிட்டுப் போகட்டும், பையன் ஒரு வாய் சோறு தின்னட்டும், எவனுக்கு என்ன நட்டம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

"அவரு நல்லாத் தெரியறாராக்கா? என்ன சட்டை போட்டிருந்தாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊசியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"வெள்ளைச் சட்டை சாமி."

அவன் கதவை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். "சட்டையே இல்லீக்கா" என்றான். "தோள்ல பச்சைத் துண்டு மட்டுந்தான். நாந்தான் எறங்கிப் போயி அவர மடியில தூக்கி வெச்சிருந்தேன்."

வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அப்போது உடைந்து வந்தது. கேபிளையும் லைட்டையும் மின்விசிறியையும் அவனிடம் அழுதுகொண்டே சொன்னாள். தான் நறுக்கின கம்பி என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். தமிழரசு அவள் கையைப் பிடித்து இறக்கினான்.

"உடுக்கா. போனது போச்சு. படம் இல்லாட்டிப் போவுது. நான் கண்ணசரல, பிரேக்கு புடிச்சேன்னு நீ நம்பறயா? அது போதும் எனக்கு."

"நம்பறேன் சாமி" என்றாள். ஆனால் அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை அவன் பார்த்துவிட்டான்.