பாலம் வரை ஊர்க்கதை

வசந்தி அக்காவுக்கும் ரெஜிக்கும்,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். அனு உறங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. ஒழிந்ததும் எழுத உட்கார்ந்தால் கண் அடைகிறது. நினைவு ஜெபத்தில் வாசிக்க நாம் மூவரும் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று ஷீலா அக்காவின் தங்கை கேட்டாரல்லவா, அதற்காகத்தான் தொடங்கினேன். எழுத எழுத வேறு எங்கோ போகிறது. வாசிக்க ஏற்றதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றது நமக்குள் இருக்கட்டும்.

செய்தி வந்தபோது அனுவுக்கு இட்லி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வசந்தி அக்கா, நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். "ஏட்டி, ஷீலா போயிட்டாட்டி" என்றீர்கள். "எந்த ஷீலா?" என்று கேட்டேன். "நமக்கு எத்தன ஷீலாட்டி இருக்கு?" என்று நீங்கள் அழுதது இன்னும் காதில் கிடக்கிறது. அடுத்த வாயை ஊட்ட மறந்து நின்றேன். பிள்ளை வாயைத் திறந்துகொண்டே இருந்தாள்.

அவரை அறியாதவர் யாராவது இதை வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். குவைத்தில் பல வருடம் நர்ஸாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். சுற்றுவட்டத்தில் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண் கழுவிக் கட்டிவிட்டு வருவார். காலையில் நம்மோடு சானல் வாய்க்கால்கரையில் பாலம் வரை நடப்பார். நம்மைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் அதைக் காட்டிக்கொண்டதில்லை.

நடைக்கு விதி வைத்தவர் அவர்தான். "பாலம் வர ஊரு முழுக்கப் பறயலாம். மாமி, மாப்பிள, நாத்தூன், யாரு வேணா. திரும்பினா அவியள எல்லாம் பாலத்துல எறக்கி விட்டிரணும். பொறவு நீ என்ன செய்த, என்னத்துக்குச் செய்த, அது மட்டும்." ரெஜி, நீ அன்றைக்கே சொன்னாய், "அப்பம் எனக்குப் பேச ஒண்ணும் இல்ல அக்கா." அவர் சிரிக்காமல், "அப்பம் சும்மா நட. ஒடம்புக்குக் கொள்ளாம், நல்லதுதான்" என்றார்.

அந்த விதிக்குப் பயந்து நாம் பட்டபாடு! போகும்போது மூச்சு விடாமல் பேசுவோம், பாலம் தெரிந்ததும் எல்லோருக்கும் நடை பைய ஆகிவிடும். உன் நாத்தூன் வந்துவிட்டுப் போன வாரம், ரெஜி, நீ பாலத்தில் திரும்பவே இல்லை. "நான் கொஞ்சம் முன்னால போயிட்டு வாறேன்" என்று போனவள் கருங்கல் சந்தைவரை நடந்து, மீன் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய். "ஊரப் பத்திப் பேசினா வேர்க்காது, கேட்டியா? நம்மளப் பத்தின்னாத்தான் வேர்க்கும்" என்று அக்கா உன் மீன்பையைப் பார்த்துச் சொன்னார். பிறகு அந்த மீனில் பங்கு கேட்டார்.

விதியைத் தனக்கும் விட்டுக்கொடுக்கவில்லை அவர். அம்மாவைப் பார்க்கத்தான் குவைத்திலிருந்து வந்தார் என்று ஊரே சொல்லும். ஒருநாள் திரும்பும் வழியில், "அம்மைக்காவேண்டி வந்தேன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்கு அங்க மடுத்து வெறுத்துப் போச்சு, அதுதான் நெசம். அம்ம சீக்காக் கெடந்தது நல்லதாப் போச்சு, எனக்கு ஒரு காரணம் கிடைச்சு" என்றார்.

படுக்கையில் கிடந்த வாழைத்தோட்டத்துப் பாட்டா வீட்டுக் கதையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஷீலா அக்கா நல்ல சுடிதாராகத் தேடிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். வாசலில் நின்றபோதுதான் தெரிந்ததாம், சென்னையிலிருந்து வந்திருக்கும் பாட்டாவின் மகள் பார்க்க வேண்டும் என்றே போகிறோம் என்று.

"பொறவு? திரும்பிட்டியளா?" என்றாய் நீ, ரெஜி.

"என்னத்துக்குத் திரும்பணும்? உள்ள போய்ப் புண்ணக் கழுவினேன். எனக்க மனசு சுத்தமாவது வர பாட்டாக்க முதுகு காத்துக் கெடக்குமா?"

"அப்பம் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?"

"மகள் ஏறிட்டுப் பாக்கல மக்கா, டிவி பாத்துட்டு இருந்தா. தெரியாமப் போயிருந்தேன்னா எனக்குக் கோவம் வந்திருக்கும். மறு வாரம் போயிருக்க மாட்டேன்."

தன்னை அறிவது என்று பெரிய வார்த்தைகளில் அவர் பேசியதில்லை. வாழ்க்கையில் முன்னேறுவது பற்றிக் கைப்பேசியில் வருகிற பேச்சுகளை எல்லாம் நான் அவருக்கு அனுப்புவேன். "கேட்டேன். கேட்டிட்டு நீ என்ன செய்த?" என்று பதில் வரும். நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன்.

என் விஷயத்துக்கு வருகிறேன். அனுவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்று, கண் மேலே போய்க் கை வெட்டி வெட்டி இழுத்தபோது, நான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். மாமி போட்ட சத்தத்தில் ஷீலா அக்காதான் ஓடி வந்தார். பிள்ளையை வாங்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். வாயில் எதையும் வைக்க விடவில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தார். "நான் ஒண்ணும் செய்யாம நின்னுட்டேன் அக்கா" என்றபோது, "கீழ போடாமப் பிடிச்சிட்டு நின்னல்லா" என்றார்.

பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அனுவுக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. எனக்குத்தான் பயம் போகவில்லை. அவள் உறங்குகிற காலை நேரத்தை நம்பித்தான் நடக்கவே வந்தேன். பாலத்துக்கு வந்ததும் மாமிக்குப் போன் போட்டு, "எழும்பினாளா, மேல் சுடுதா?" என்று கேட்பேன். "இஞ்ச ஒரு டவர் வைக்கச் சொல்லுவோம். தோவாளைக்காரிக்கு எளுப்பமா இருக்கும்" என்பார் அக்கா, என் பிறந்த ஊரைச் சொல்லி.

கடைசி நடையில்தான் அந்தப் பள்ளிக்கூடத்து வேலையைச் சொன்னேன். கணக்கு டீச்சர் வேலை, படிப்புக்கு ஏற்றது, பக்கத்திலேயே. அனுவுக்காக வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்றேன்.

"பிள்ளைக்காவேண்டியா, இல்ல பயந்திட்டா?"

"ரெண்டும்தான் அக்கா."

"ரெண்டும்னு சொன்னா எவளும் தப்பிச்சிரலாம். எது கூடுதல்?"

நான் வேகமாக நடந்தேன். "செரி, பைய சொல்லு" என்றார். மறுநாள் மழை பிடித்தது. அது விடும் முன்பே அவர் போய்விட்டார்.

எனக்கு அவர்மேல் வருத்தமும் இருக்கிறது. தன் மனசு போகிற போக்கை இத்தனை கவனித்தவர், நெஞ்சு வலித்ததை வாய்வு என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் குடித்தாராம். நர்ஸ்தானே அக்கா நீங்கள், தெரியாதா? இதை நினைவு ஜெபத்தில் வாசிக்க வேண்டாம். ஆனால் இதை விட்டுவிட்டு அவரைப் பெரியவர் என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். எது கூடுதல்? அரிசி களையும்போதும், அனுவின் நெற்றியைத் தொடும்போதும் அது கூடவே வருகிறது. இப்போது பதில் தெரியும். பயம்தான் கூடுதல். அவளுக்கு ஒன்று வந்தால் நான் மறுபடியும் அசையாமல் நிற்பேன் என்ற பயம். அந்தப் பயத்துக்குத்தான் அவள் பெயரைச் சாக்காக வைத்திருந்தேன். தெரிந்துகொண்டதால் பயம் குறைந்துவிடவில்லை. எழுதும்போதே இரண்டு தடவை எழுந்து அவள் மேலைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் இனிமேல் அனுவுக்காக வேண்டாம் என்று யாரிடமும் என்னால் சொல்ல முடியாது. அந்த வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.

மஸ்கட்டிலிருந்து என் வீட்டுக்காரர் சரி என்றுவிட்டார். மாமியால் அனுவின் பின்னால் ஓட முடியாது. என் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருப்பதால் அம்மா தோவாளையிலிருந்து வரக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை, வசந்தி அக்கா, பகலில் அனுவை உங்களிடம் விட்டுப் போகலாமா? உங்கள் கடைக்குள்ளேயே விளையாடுவாள், தொந்தரவு செய்ய மாட்டாள். காய்ச்சல் மருந்து பையில் இருக்கும். மேல் சுட்டால் உடனே எனக்குப் போன் போடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காமல் நெய்யூருக்குக் கொண்டுபோங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம். இதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் அவளை விட்டதில்லை. முடியாது என்றாலும் வருத்தமில்லை, வேறு வழி பார்ப்பேன். பள்ளிக்கூடத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.